ஜூலையில் வந்த பட்டம்

பர்மாவில், போட்டாதாங் துறைமுகப் பேட்டையில் நாங்கள் உட்காரும் தேநீர்க் கடையில் இத்தாலியக் கால்பந்து லீக்கின் அணிகளுக்குப் பெயர் கிடையாது. நிறம்தான். சட்டையில் என்ன கோடு போட்டிருக்கிறதோ அதுவே பெயர். சிவப்பு-கறுப்பு, நீலம்-கறுப்பு, வெள்ளை-கறுப்பு, இவை மூன்றும் பெரிய அணிகள். மற்றவை வந்துபோகும். அந்த ஊர்ப் பெயர்கள் பர்மியர் வாயிலும் நுழையவில்லை, தமிழர் வாயிலும் நுழையவில்லை என்பதால் இந்த ஏற்பாடு யாரும் சொல்லாமலே நிலைத்துவிட்டது.

கடைக்காரர் தமிழ் முஸ்லிம். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். கல்லாவுக்குப் பின்னால் இருந்த சுவரில் ஒவ்வொரு மே மாதமும் அந்த வருஷத்தை எழுதி, பக்கத்தில் பட்டம் வாங்கிய அணியின் நிறத்தில் இரண்டு கோடு போடுவது என் வேலை. யாரும் என்னை நியமிக்கவில்லை. கியாக்டடாவில் ஒரு சரக்கு கிளியரிங் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். தேதி தப்பினால் சரக்கு துறைமுகத்தில் கிடந்து அழுகும் தொழில் அது. அந்தப் பழக்கம் பந்தாட்டத்திலும் ஒட்டிக்கொண்டது. பான்சோடான் தெரு நடைபாதையில் விற்கும் பழைய வெளிநாட்டுப் பத்திரிகைகளை வாங்கி, ஆட்டத்தின் தேதி, கோல் போட்டவர், நிமிஷம் எல்லாம் சரிபார்ப்பேன். அதனால் கடையில் சண்டை வந்தால் என்னைக் கேட்பார்கள்.

எண்பத்தெட்டுக் கிளர்ச்சிக்குப் பிறகு சில வருஷங்கள் ஊரடங்கு, இரவில் வெளியே நடமாட முடியாது. அப்போது ஆட்டம் எங்களுக்குக் கேசட்டில்தான் வரும். கப்பலில் வேலை செய்கிறவர்கள் கொண்டுவருவார்கள், ஒரு மாதம் தாமதமாக, பட்டப்பகலில் பார்ப்போம். முடிவு சிற்றலை வானொலியில் எனக்கு முன்னமே தெரிந்திருக்கும். சொல்லக் கூடாது என்பது கடையின் சட்டம். தெரிந்த முடிவை முகத்தில் காட்டாமல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருப்பது எவ்வளவு அலுப்பு என்று அப்போது தெரிந்துகொண்டேன். பிறகு டிஷ் ஆன்டெனா வந்தது. இத்தாலியில் பிற்பகல் மூன்று மணி என்றால் நமக்கு இரவு எட்டரை, அங்கே கோடைக்காகக் கடிகாரத்தை முன்னால் தள்ளிவிட்டால் ஏழரை. வருஷத்துக்கு இரண்டு முறை இந்த மாற்றத்தை மறந்து யாராவது பாதி ஆட்டத்தில் வந்து நிற்பார்கள்.

அந்தக் கடைக்கு வந்தவர்களில் அண்ணன் தம்பி இருவர். அண்ணன் ஸ்ட்ராண்ட் ரோடு பக்கம் கயிறு, ஆணி, படகுக்குப் பூசும் பெயிண்ட் விற்கிற சிறிய கடை வைத்திருந்தார். சிவப்பு-கறுப்பு. தம்பி ஜெட்டி என்கிற படகுத்துறையில் மூட்டைக் கணக்குப் பார்க்கிறவர். நீலம்-கறுப்பு. தம்பி கட்டியது பர்மியப் பெண். ஆற்றுக்கு அக்கரையில் டாலாவில் அவள் வீட்டார் கொடுத்த மனையில் மரவீடு கட்டிக் குடியிருந்தார். அண்ணனுக்குக் குழந்தை இல்லை. ஞாயிறு தவறாமல் அவரும் மனைவியும் படகேறி அக்கரைக்குப் போய்ச் சாப்பிட்டு வருவார்கள். தம்பியின் ஒரே மகள் பள்ளி விட்டால் பெரியப்பா கடையில் கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்திருப்பாள். அவரை அவள் பர்மிய வழக்கப்படி பாஜீ என்றே கூப்பிடுவாள்.

1994 மே மாதம் இது கெட்டது. அந்த வருஷம் சிவப்பு-கறுப்பு தொடர்ந்து மூன்றாவது முறையாகப் பட்டம் வாங்கியது. நீலம்-கறுப்பு ஒரே ஒரு புள்ளியில் இரண்டாம் பிரிவுக்கு இறங்காமல் தப்பியது. ஐரோப்பிய அளவில் வேறொரு கோப்பையை அதே மாதம் வாங்கியது உண்மைதான், ஆனால் கடையில் கப்பு என்றால் லீக் பட்டம் மட்டும்தான், மற்றக் கோப்பைகளை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. நான் சுவரில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் தம்பியைச் சீண்டிக்கொண்டிருந்தார்.

"கீழ விழாம கொப்பப் புடிச்சித் தொங்குற கொரங்காட்டம் இருக்குடா உன் டீமு. நீலம் பெயிண்டு எங்கடையில டின்னு டின்னாக் கெடக்கு. எடுத்துட்டுப் போயி படகுக்குப் பூசு, செவுத்துக்கு வேணாம்."

எல்லாரும் சிரித்தார்கள். தம்பியும் முதலில் சிரித்தார். அண்ணன் விடவில்லை. நாலைந்து முறை அதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். கடைசியில் தம்பி டம்ளரை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"ஊட்டுல கொஞ்சறதுக்கு ஒண்ணும் இல்ல. அதான் இந்த டீமப் புள்ளயா வளக்குற."

என் கையில் தூரிகை அப்படியே நின்றது. பாய் வானொலியை அணைத்தார். அண்ணன் எழுந்து லுங்கியை இறுக்கிக் கட்டினார்.

"அந்த நீலம் எப்பக் கப்பு வாங்குதோ, அன்னைக்குத்தான் உன் ஊட்டுக்குள்ள காலு வெப்பேன். இத்தன பேரு சாட்சி."

அவமதிப்பாகச் சொல்ல நினைத்தது சபதமாக வந்துவிட்டது. அப்போதிருந்த நிலைமையில் அந்த அணி பட்டம் வாங்குவது நடக்காத காரியம் என்பதால்தான் அப்படிச் சொன்னார். இரண்டு மூன்று வருஷத்தில் ஆறிவிடும் என்று நாங்கள் நினைத்தோம். ஆறவில்லை. கடையை மட்டும் பங்கிட்டுக்கொண்டார்கள். ஞாயிறு அண்ணனுடையது, மற்ற நாட்கள் தம்பியுடையவை. யாரும் பேசி முடிவு செய்யவில்லை, அப்படி அமைந்துவிட்டது. தம்பி திங்கட்கிழமை வந்து முந்தைய நாள் ஆட்டத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்கமாட்டார். நானே சொல்லிவிடுவேன். இரண்டு பேருக்கு நடுவில் இப்படிச் சுமந்துகொண்டு போவது சில வருஷங்களில் எனக்குச் சலித்துவிட்டது, ஆனாலும் செய்தேன். மகள் மட்டும் பெரியப்பா கடைக்கு வருவதை நிறுத்தவில்லை. அவர் அவளுக்கு மொஹிங்கா, அந்த மீன்குழம்பு நூடுல்ஸ், வாங்கிக் கொடுப்பார், அவளுடைய அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார்.

வருஷங்கள் போயின. சுவரில் நீலம் ஏறவில்லை. மேலே 1989க்கு எதிரில் ஒரு பழைய நீலக் கோடு மட்டும் புகைபடிந்து கிடந்தது.

2002 மே ஐந்து ஞாயிறு. லீக்கின் கடைசி நாள். நீலம்-கறுப்பு முதலிடத்தில் இருந்தது, ஜெயித்தால் பட்டம். ஆட்டம் ஏழரைக்கு. அண்ணன் ஆறு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். பெட்டியில் மடித்து வைத்த கோடு அழியாத புது லுங்கி, வெள்ளைச் சட்டை, மேஜைக்குக் கீழே கால்களுக்கு நடுவில் ஒரு பெரிய பிஸ்கட் டின். முதலில் நீலம் ஒரு கோல் போட்டது. அண்ணன் அசையவில்லை. எதிரணி சமன் செய்தது. நீலம் மறுபடி முந்தியது. நான் ஆட்டத்தைப் பார்க்காமல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் போல உட்கார்ந்திருந்தார். பிறகு எல்லாம் சரிந்தது. நாலுக்கு இரண்டு. வெள்ளை-கறுப்பு பட்டத்தைத் தூக்கிக்கொண்டு போனது. தோற்ற ஆட்டக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து அழுவதைத் திரையில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

அண்ணன் டின்னை எடுத்து மேஜைமேல் வைத்து, பிரிச்சித் தின்னுங்க என்றார்.

"என்னாண்ணே, எதிரி தோத்துட்டான்னு விருந்தா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஆமா," என்றார்.

அவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தார்கள். கையில் வைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தார்.

இனி நான் சொல்ல வேண்டியது 2005-2006 லீக். அந்தப் பருவத்தைப்போல அலுப்பான ஒன்றை நான் பின்தொடர்ந்ததில்லை. ஆகஸ்ட் கடைசியில் தொடங்கியது. வெள்ளை-கறுப்பு ஆரம்பத்திலேயே முந்திப் போய்விட்டது, அப்புறம் யாரும் எட்டிப் பிடிக்கவில்லை. சிவப்பு-கறுப்பு இரண்டாவது, நீலம்-கறுப்பு தூரத்தில் மூன்றாவது. கடையில் கூட்டமும் குறைந்திருந்தது. இளைஞர்கள் எல்லாரும் இங்கிலாந்து லீக்குக்குப் போய்விட்டார்கள். மின்சாரம் பாதி ஆட்டத்தில் போகும். பாய் ஜெனரேட்டரை இழுப்பார், டீசல் விலையைச் சொல்லிக்கொண்டே இழுப்பார். பல ஞாயிறுகளில் அண்ணனும் நானும் பாயும்தான்.

மே மாதம் வழக்கம்போல வெள்ளையும் கறுப்பும் போட்டேன். பெயிண்ட் காய்வதற்குள் செய்தி வர ஆரம்பித்தது. நடுவர்களை நியமிக்கிற ஆட்களோடு சில அணிகளின் நிர்வாகிகள் தொலைபேசியில் பேசியிருக்கிறார்கள் என்று விசாரணை. ஜூலையில் அந்த நாட்டு அணி உலகக் கோப்பையை வாங்கியது. அதே மாதம் அந்த நாட்டு லீக் விசாரணை மன்றத்தில் நின்றது. தீர்ப்பு, மேல்முறையீடு, மறு தீர்ப்பு. எனக்குக் கிடைத்த பத்திரிகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. கடைசி வாரத்தில் தெளிவானது. வெள்ளை-கறுப்புக்கு இரண்டு வருஷப் பட்டம் பறிபோயிற்று, இரண்டாம் பிரிவுக்கும் இறக்கிவிட்டார்கள். சிவப்பு-கறுப்புக்குப் புள்ளிகள் வெட்டு. 2005 பட்டம் யாருக்கும் இல்லை. 2006 பட்டம் நீலம்-கறுப்புக்கு.

இதற்கு நடுவில் தம்பியின் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மழைக்கால நோன்பு மாதங்களில் பௌத்தர்கள் கல்யாணம் வைப்பதில்லை, ஆகவே நோன்பு முடிந்து தடிஞ்சுட் விளக்குத் திருநாள் கழித்து. வீட்டிலேயே நடத்துவதாக ஏற்பாடு. அவள் என் அலுவலகத்துக்கே வந்து சொன்னாள். தமிழில் ஆரம்பித்துப் பாதியில் பர்மியத்துக்குப் போய்விட்டாள். பாஜீ வீட்டுக்குள் வராமல் படிக்குக் கீழேயே நின்று வாழ்த்திவிட்டுப் போனால் தன்னால் தாங்க முடியாது என்பது அதன் சாரம். கடைசியில் தமிழுக்கு வந்தாள்.

"பாஜீ உள்ள வருவாங்களா, மாமா?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அந்த வார ஞாயிறு ஆட்டம் எதுவும் இல்லை. மழை. அண்ணன் கடைக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து ஒரு சின்ன டின்னை மேஜைமேல் வைத்தார். நீலப் பெயிண்ட். மூடி புதிது.

"செவுத்துல என்னா போடப் போறீங்க?"

நான் தீர்ப்பை விளக்க ஆரம்பித்தேன். மே மாதம் களத்தில் முடிந்த வரிசை என்ன, அதை எப்படி மாற்றினார்கள், மூன்றாவதாக வந்த அணிக்குப் பட்டம் கொடுப்பதில் எனக்கே இருந்த தயக்கம். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதெல்லாம் உங்களுக்கு. நீலம் உண்டா இல்லியா?"

"பந்தாட்டச் சங்கத்தோட பதிவுல உண்டு. அப்ப செவுத்துலயும் உண்டு."

"அப்பப் போட்டுடுங்க," என்றார். பிறகு தேநீரை ஆற்றிக்கொண்டே, "எனக்கு ஏலலீங்க. பன்னெண்டு வருசம் ஆவுது," என்றார்.

சும்மா போய்விட்டு வரலாமே என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் போகமாட்டார். அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை. அதை முறித்தால் அவர் கடையில் வாங்கும் கயிற்றையே யாரும் நம்பமாட்டார்கள் என்று நினைக்கிற மனிதர்.

மறுநாள் வேலைக்குப் போகும் முன் ஸ்டூல் போட்டு ஏறினேன். 2005க்கு எதிரில் சுண்ணாம்பு பூசி வெறுமையாக விட்டேன். 2006இன் வெள்ளையை மூடி நீலம் இழுத்தேன். எல்லா வருஷமும் பட்டம் மே மாதத்தில் வந்தது, இது ஒன்று மட்டும் ஜூலையில் வந்தது. பின்னால் பார்க்கிறவர்கள் குழம்பக் கூடாதென்று கோட்டுக்குக் கீழே சின்னதாக 'ஜூலை' என்று எழுதினேன். அது இல்லாமல் அந்த வரியை விட எனக்குக் கை வரவில்லை.

செவ்வாய்க்கிழமை தம்பி வந்தார். சுவரைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது என்னா?"

சொன்னேன்.

"மூணாவது வந்தோம். மூணாவது வந்தவனுக்கு யாரு கப்பு குடுப்பா?"

"கிளப்பு வாங்கிக்கிச்சுல்ல," என்றார் பாய்.

"கிளப்பு வாங்கட்டும். நான் வாங்கல."

அண்ணன் கொண்டுவந்து கொடுத்த பெயிண்ட் அது என்று அவரிடம் சொன்னேன். தேநீர் ஆறி ஆடை கட்டிவிட்டது. அப்படியே வைத்துவிட்டு ஜெட்டிக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு அண்ணன் என்னை அக்கரைக்கு வரச் சொன்னார். சபதத்தைக் கேட்டவர்களில் ஒருவராவது உடன் இருக்க வேண்டுமாம். அவர் மனைவி வரவில்லை. நீங்க முதல்ல போய் முடிச்சிட்டு வாங்க என்று சொல்லிவிட்டாள். பான்சோடான் ஜெட்டியில் படகு நிரம்பி வழிந்தது. மூட்டைகள், கோழிக் கூடைகள், நனைந்த ஆட்கள். அக்கரையில் ஒரு சைக்காவில், மூன்று சக்கர மிதிவண்டியில், இருவரும் நெருக்கி உட்கார்ந்தோம். மிதிக்கிறவன் சேற்றில் இறங்கித் தள்ளினான். வழி அவருக்கு மறந்திருந்தது. இரண்டு இடத்தில் விசாரித்தோம்.

டாலாவில் தாழ்ந்த நிலம், ஆகவே வீடுகள் கால்கள்மேல் நிற்கும். தம்பியின் வீட்டுக்கும் மரப்படிகள். மேலே வாசலில் தம்பி நின்றார். அண்ணன் படிக்குக் கீழே நின்றார். குடை என் கையில்.

"கப்பு வாங்கிருச்சு. வந்துட்டேன்," என்றார் அண்ணன்.

"அது கப்பு இல்ல."

"செவுத்துல போட்டாச்சு."

"ஜூலைன்னு போட்டிருக்கு. ஜூலையில எவன் பந்து ஆடுறான்?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் குடையைச் சரிசெய்தேன்.

தம்பி குரலைத் தாழ்த்தினார். "நீ சும்மா வா. என்னயப் பாக்க வா. கப்பு வந்துச்சுன்னு வராத. நான் அன்னைக்குப் பேசுனதுக்கு என்னய அடிச்சிட்டு உள்ள வா."

"சும்மா வர மாட்டேன்னு சொல்லிட்டனேடா."

இதற்கு மேல் இரண்டு பேருக்கும் வழி இல்லை. ஒருவருக்குக் காரணம் இல்லாமல் நுழைய முடியாது, மற்றவருக்கு அந்தக் காரணம் வேண்டாம். மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பத் திரும்பிப் படகு ஏற என்னால ஆவாது. இங்கனயே கொஞ்சம் இருக்கேன்."

தம்பியின் மனைவி வெளியே வந்து, இரண்டு பேரையும் பர்மியத்தில் வைதாள். வேகமாக வைததில் எனக்குப் பாதிதான் புரிந்தது. பந்து உதைக்கிறவன் எங்கோ இருக்கிறான், நனைகிறவன் என் வீட்டுப் படியில் இருக்கிறான் என்பது போல ஏதோ. ஒரு தார்ப்பாயைக் கொண்டுவந்து கூரையிலிருந்து படிவரை இழுத்துக் கட்டினாள். மகள் தட்டில் சோறு கொண்டுவந்து பெரியப்பா மடியில் வைத்தாள். தம்பி இறங்கி வந்து இரண்டு படி மேலே உட்கார்ந்தார். அண்ணன் சாப்பிட்டார். கொஞ்ச நேரம் கழித்து தம்பி, குழம்பில் உப்புப் போதுமா என்று கேட்டார். போதும் என்றார்.

அதற்குப் பிறகு அண்ணன் ஒவ்வொரு ஞாயிறும் காலையில் அக்கரைக்குப் போய்ப் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மாலையில் தம்பியையும் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். உள்ளே போகவில்லை. அவர் மனைவி உள்ளே போனாள், சபதம் அவளுடையதல்லவே. கல்யாணத்தன்று மேலே வீட்டுக்குள் பிக்குகளுக்கு உணவு படைத்தார்கள். முற்றத்தில் பந்தல். மணமக்கள் பெரியவர்களை மண்டியிட்டு வணங்கும் நேரம் வந்தபோது, உள்ளே உட்கார்ந்திருந்த எல்லாரையும் முடித்துவிட்டு அந்தப் பெண் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் படியிறங்கி வந்தாள். பாஜீ படியில் இருந்தபடியே ஆசீர்வதித்தார். அவள் அழவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், வெயில் என்று சொல்லி.

அடுத்த 2006-2007 பருவத்தில் நீலம்-கறுப்பு யாரையும் பக்கத்தில் விடவில்லை. வெள்ளை-கறுப்பு இரண்டாம் பிரிவில் கிடந்தது, சிவப்பு-கறுப்பு வெட்டுப்பட்ட புள்ளிகளோடு தடுமாறியது. இது நிஜப் பட்டமா, எதிராளி இல்லாத பட்டமா என்று கடையில் மறுபடி ஒரு சர்ச்சை கிளம்பியது. நான் அதில் வாய் திறக்கவில்லை. 2007 ஏப்ரல் 22, தண்ணீர்த் திருவிழா முடிந்து முதல் ஞாயிறு. இன்னும் பல ஆட்டங்கள் மிச்சமிருக்க, ஏழரை மணி ஆட்டத்தில் பட்டம் நீலம்-கறுப்புக்கு உறுதியானது. விசில் ஊதியதும் கடையில் இருந்தவர்கள் திரையை விட்டு அண்ணனைப் பார்த்தார்கள்.

"கெளம்பு," என்றார் தம்பி.

"இப்பவா? படகு நெருக்கும். அடுத்த வாரம் வரேன்."

அடுத்த ஞாயிறு நானும் போனேன். கூப்பிட்டார்களா என்று நினைவில்லை. அண்ணன் புது லுங்கி எதுவும் கட்டவில்லை. கடைக்குப் போகிற அதே சட்டை. படியேறினார், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். மகளின் கல்யாணப் படத்தைப் பார்த்தார், புத்தர் அலமாரியைப் பார்த்தார், பாயில் உட்கார்ந்தார். தம்பியின் மனைவி மின்விசிறியை அவர் பக்கம் திருப்பினாள், மின்சாரம் இல்லாததால் அது சுற்றவில்லை. தண்ணீர் குடித்தார். பதிமூன்று வருஷத்தில் வீடு கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று ஏதோ சொன்னார்.

பிறகு எழுந்து வெளியே வந்து தன் கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"என்னா?" என்று தம்பி உள்ளேயிருந்து கேட்டார்.

"உள்ள புழுக்கமா இருக்குடா. இங்கன காத்து வருது."

தம்பி இரண்டு டம்ளர் தேநீரோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, நின்றுகொண்டே குடித்தேன். ராத்திரி ஆட்டம் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்கள். ஏழரை என்றேன். இன்னைக்கு முடியல, நீங்க பாத்துட்டு வந்து சொல்லுங்க என்றார் அண்ணன். தம்பியும் தலையாட்டினார். நான் படகுக்கு நடந்தேன்.